தெற்குத் தீவுகளும் நம்மவர் இறங்கிய துறையும்

சிங்கப்பூரின் மரினா சவுத் படகுத்துறையில் ஞாயிறு காலையில் போய் நிற்பவர், உணவுப் பொட்டலமும் பாயும் குடையுமாகக் குடும்பங்கள் வரிசை பிடித்து நிற்பதைக் காண்பர். தெற்குத் தீவுகளுக்குச் செல்லும் படகுக்காக அவர்கள் காத்திருக்கின்றனர். ஏறத்தாழ அரைமணி நேரத்தில் படகு செயின்ட் ஜான்ஸ் தீவில் கொண்டு சேர்க்கும். அங்கிருந்து இணைப்புச் சாலைவழியே நடந்தால் லாசரஸ் தீவு. அதன் வெண்மணற் கரையில் நீராடிவிட்டு மீண்டும் படகேறினால் கூசு தீவு. மாலைக்குள் நகரம் திரும்பிவிடலாம். ஒரு பகலில் மூன்று தீவுகள், களைப்பில்லாத செலவு.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையின்போது தமிழாசிரியர் இருபதின்மர் சேர்ந்து, ஒரு படகை அமர்த்திக்கொண்டு இவ்வழியே சென்றோம். எங்களோடு வந்த வழிகாட்டி நல்ல இளைஞர், தமிழ்ப் பிள்ளை. எந்தத் தீவில் எந்த மீன், எந்தப் பவளம், எங்கே நின்றால் படம் நன்றாக விழும் என்பனவெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். செயின்ட் ஜான்ஸ் தீவின் துறையில் கால் வைத்ததும், எங்களுள் மூத்தவரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அவரைப் பார்த்து, "தம்பி, நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்தவர்களை இறக்கிய இடம் எது?" என்று கேட்டார். இளைஞர் சற்று விழித்து, "அப்படி ஒரு கப்பல் வந்ததா, ஐயா?" என்றார். அவரைக் குறை சொல்ல வழியில்லை. அன்று படகில் இருந்த ஆசிரியர்களிலேயே பாதிப்பேருக்கு அக்கேள்வியின் பொருள் விளங்கவில்லை. இக்கட்டுரை எழுதப் புகுந்ததற்கு அதுவே காரணம்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். சொல்லாராய்ச்சியில் ஆசிரியர்களுக்குச் சலிப்பு வாராது. செயின்ட் ஜான்ஸ் தீவின் மலாய்ப் பெயர் புலாவ் செகிஜாங் பெண்டேரா. லாசரஸின் பெயர் புலாவ் செகிஜாங் பெலெப்பா. மலாய் மொழியில் 'கீஜாங்' என்பது ஒருவகை மான். 'பெண்டேரா' கொடி, இச்சொல் போர்த்துகீசியரிடமிருந்து மலாய்க்கு வந்தது. 'பெலெப்பா' என்பது தென்னை முதலியவற்றின் மட்டை. 'செகிஜாங்' என்று மலாயர் சொன்னதை வெள்ளைக்கார மாலுமியின் செவி 'செயின்ட் ஜான்' என்று கேட்டுக்கொண்டது என்பர். அவ்வாறாயின் யோவான் என்னும் புனிதருக்கும் இத்தீவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மானைப் புனிதராக்கிய பெருமை உச்சரிப்பையே சாரும். 'கூசு' சீனச்சொல், ஆமைத்தீவு என்பது பொருள். படகு புறப்பட்டதும் வலப்புறத்தில் தெரியும் பெரிய தீவுக்குப் 'பிளாக்காங் மாத்தி' என்று பெயர் இருந்தது. 'பின்னே சாவு' என்று அதைப் பெயர்க்கலாம். 1970-களின் தொடக்கத்தில் அது செந்தோசா ஆயிற்று. வடமொழியில் 'சந்தோஷ' என்னும் சொல்லே இவ்வாறு மலாய் உருப்பெற்றது. நாம் அதை மகிழ்ச்சிக்கு வைத்துக்கொண்டோம். மலாயர் அமைதிக்கு வைத்துக்கொண்டனர். தீவுகளை உல்லாசத் தலங்களாக்கும் முயற்சியில் முதலில் மாறியது பெயர்தான் என்பது கருதத்தக்கது.

இத்தீவுகளுக்குச் சிங்கப்பூர் வரலாற்றில் முதலேட்டிலேயே இடம் உண்டு. 1819-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் ராஃபிள்ஸின் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சியது செயின்ட் ஜான்ஸ் தீவின் அருகில்தான். அங்கிருந்தே அவர் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துக்குச் சென்றார். அதே ஆண்டு மே மாத இறுதியில், இரண்டாம் முறை வந்த ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து இண்டியானா என்னும் கப்பலில் வந்தவர் நாராயண பிள்ளை. செங்கற்சூளை வைத்ததையும், மாரியம்மன் கோயில் எழுப்பியதையும் நம் பாடநூல்கள் கூறும். ஆதலின் அவரைப்பற்றி ஈண்டு விரிக்கவில்லை. அவர் பெயர் நமக்குத் தெரியும். பெயர் தெரியாதவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

நிற்க. கூட்டமாகப் படகேறித் தீவுகளுக்குச் செல்லுதல் உல்லாசப் பயண நிறுவனங்கள் கண்டுபிடித்த ஒன்றன்று. கூசு தீவுக்குச் சீனர் செய்யும் யாத்திரை அவற்றுக்கெல்லாம் முற்பட்டது. சீனரின் ஒன்பதாம் திங்களில், அதாவது செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரையுள்ள நாட்களில் வரும் ஒரு மாதம், பல்லாயிரவர் அங்குள்ள துவா பெக் கோங் கோயிலுக்குச் செல்வர். இப்போதுள்ள கோயில் 1923-இல் எழுந்தது. தீவின் குன்றின்மேல் முஸ்லிம் பெரியவர் ஒருவருக்கும், அவர் தாயாருக்கும், தமக்கைக்கும் உரியனவாகச் சொல்லப்படும் மூன்று கெராமாட் அடக்கத்தலங்கள் இருந்தன. சீனர் கோயிலில் ஊதுவத்தி ஏற்றியவர், படிகளேறி அவற்றையும் வணங்கிவிட்டே படகுக்குத் திரும்புவர். கரைசேர முடியாது தத்தளித்த சீனர் ஒருவரையும் மலாயர் ஒருவரையும் காக்க ஆமையொன்று தீவாக உருமாறியது என்னும் கதை, இரு வழிபாடுகளும் ஒரு தீவில் அமைந்ததற்குக் காரணம் கற்பிக்கிறது. 2022 ஏப்ரலில் நேர்ந்த தீயில் குன்றின்மேலிருந்த அத்தலங்கள் எரிந்துபோயின.

யாத்திரையினர் தொடக்கத்தில் சம்பான்களிலும் தொங்காங்குகளிலும் சென்றனர்; பின்னர் இயந்திரப் படகுகள் வந்தன. 1933-இல் திறக்கப்பட்ட கிளிஃபர்டு துறை இப்படகுகளின் தாய்வீடாக இருந்து 2006-இல் மூடப்பட்டது. இப்போதைய புறப்பாடு மரினா சவுத்திலிருந்து. கூசு தீவும் அந்நாளைய உருவில் இல்லை. கடலில் இரு பாறைத் திட்டுகளாக இருந்த இடத்தை 1970-களில் மண்கொட்டி நிரப்பி, 8.5 ஹெக்டேர் அளவுக்கு விரித்தனர். முன்னர் அலை கோயிற்படியைத் தொட்டது. இன்று புல்வெளி தொடுகிறது.

இனி செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு வருவோம். கூசுவுக்கு மக்கள் விரும்பிச் சென்றனர். இங்கோ விருப்பத்தைக் கேட்டவர் எவருமில்லை.

1873-இல் சிங்கப்பூரில் வாந்திபேதி பரவி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். துறைமுகமே ஊரின் உயிர். கப்பல் வராவிட்டால் வாணிபம் இல்லை. கப்பல் வந்தாலோ நோயும் உடன் வருகிறது. இவ்விடர்ப்பாட்டுக்கு அரசினர் கண்ட வழி, நகருக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள தீவொன்றில் வருவோரை இறக்கி, நோயில்லை என்று தெரிந்தபின் ஊருக்குள் விடுவது. அவ்வாறு செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874 நவம்பரில் கொரண்டைன் நிலையம் இயங்கத் தொடங்கியது. சீனாவின் சுவாத்தோவிலிருந்து வாந்திபேதியோடு வந்த மில்டன் என்னும் கப்பலின் 1,300 சீனரே அதன் முதல் விருந்தினர்.

கொரண்டைன் என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலியில் வெனிஸ் நகரத்தார், நோய் கண்ட ஊர்களிலிருந்து வந்த கப்பல்களை நாற்பது நாள் ஒதுக்கி நிறுத்தினர். அவர்கள் மொழியில் நாற்பதைக் குறித்த சொல்லே உலகெங்கும் பரவிற்று. நாம் மருந்துக்கும் நோன்புக்கும் 'ஒரு மண்டலம்' என்று கணக்கு வைப்பதில்லையா? அதுபோன்ற ஒரு கணக்கு. நாளடைவில் நாற்பது குறைந்தது. 1926-ஆம் ஆண்டின் அனைத்துலகச் சுகாதார உடன்படிக்கை நோய்க்கேற்ப நாள் வகுத்தது: வாந்திபேதிக்கு 5, பிளேக்குக்கு 6, பெரியம்மைக்கு 14. மாணவருக்கு இச்சொல்லை விளக்க இனி அரும்பாடு பட வேண்டியதில்லை. 2020-இல் கொரோனா நோய் வந்து, நம் வீடுகளிலேயே பாடம் நடத்திவிட்டுப் போயிற்று.

அக்காலத்துத் தமிழர் வந்த வழி யாது? சென்னையில் புறப்படும் கப்பல் நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு வங்கக் கடலைக் கடந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்னும் மூன்று துறைகளையும் முறையே தொடும். 1926-இல் கட்டப்பெற்று 1970-களின் தொடக்கம் வரை ஓடிய ரஜூலா கப்பலை முதியோர் இன்னும் நினைவு வைத்திருக்கின்றனர். அக்கப்பல்களில் அறை எடுத்து வந்தவர் மிகச் சிலர். பெரும்பாலோர் டெக் பயணிகள். பாயை விரித்த இடமே படுக்கை, தலைமாட்டில் தகரப்பெட்டி. கொரண்டைன் என்பது ஏட்டளவில் நோயைப் பற்றிய சட்டம். நடைமுறையில் அது பெரிதும் டெக்கைப் பற்றிய சட்டமாயிற்று. கிருமிக்கு முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்னும் வேறுபாடு தெரியாது, அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது.

நோய்க் குறி கண்ட கப்பல் மஞ்சட்கொடி ஏற்றி நிற்கும். டெக் பயணிகள் தீவில் இறக்கப்படுவர். உடுத்தியிருந்த துணியும் கொண்டுவந்த மூட்டையும் நீராவியில் இட்டுக் கிருமி போக்கப்படும். மக்கள் மருந்துநீரில் குளிக்க வேண்டும். அம்மை குத்திக்கொள்ள வேண்டும். பிறகு நீண்ட கொட்டகைகளில் தங்கியிருந்து, மருத்துவர் விடுவிக்கும் நாளை நோக்கியிருக்க வேண்டும். ஊரைவிட்டுப் புறப்பட்டு, கடல் நோயில் வாடி, புதுநாட்டில் முதன்முதல் மிதித்த மண்ணில் கண்ட முதற்காட்சி இது. சீனரும் இவ்வழியே வந்தனர். மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகளும் இங்கே தங்கவைக்கப்பட்டனர். 1930-களில் உலகின் பெரிய கொரண்டைன் நிலையங்களுள் ஒன்றாக இது விளங்கியது. தங்கியிருந்தபோதே இறந்தவரும் உண்டு. அவர்களை அண்டைத் தீவுகளில் அடக்கம் செய்தனர். யாத்திரைக்குரிய கூசு தீவும் அவற்றுள் ஒன்று.

இவ்விடத்தில் ஒன்றை வரையறுத்துச் சொல்ல வேண்டும். மலாயாத் தமிழர் அனைவரும் செயின்ட் ஜான்ஸ் தீவின்வழி வந்தனர் என்று எழுதினால் அது பிழையாகும். தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோர் வடக்கேயுள்ள துறைகளிலேயே இறங்கினர். பினாங்கிற் கால்வைத்தவர்க்குப் புலாவ் ஜெரஜாக் என்னும் தீவு இதே கடமையைச் செய்தது. ஜெரஜாக்கின் கதையும் ஏறத்தாழ இதன் இரட்டை: தொழுநோயாளர் குடியிருப்பு, கொரண்டைன், காசநோய் மருத்துவமனை, 1969 முதல் 1993 வரை சிறைச்சாலை, அதன்பின் உல்லாச விடுதி. பினாங்குப் பாலத்தின்மேல் செல்வோர் தெற்கே திரும்பிப் பார்த்தால் அதைக் காணலாம். மலேசிய வாசகர் இக்கட்டுரையில் செயின்ட் ஜான்ஸ் என்று வருமிடங்களில் ஜெரஜாக் என்று மாற்றிப் படித்துக்கொண்டாலும் பெரும்பாலும் பொருந்தும்.

போருக்குப் பின்னர் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு வேறு வேலைகளும் வந்து சேர்ந்தன. 1948-இல் அவசரகாலச் சட்டம் பிறந்ததும் அரசியற் கைதிகளை இங்கே அடைத்தனர். 1951-இல் பிடிபட்ட தேவன் நாயர் அவர்களுள் ஒருவர். முப்பது ஆண்டுகளுக்குப்பின், 1981-இல், அவரே சிங்கப்பூரின் அதிபரானார். 1955-இல் அபின் பழக்கத்துக்கு அடிமையானவர்க்குச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. ஊரார் கண்ணிற் படலாகாது என்று கருதப்பட்டோர்க்கெல்லாம் இத்தீவே இடம் தந்தது. 1970-களில் அந்த வேலைகள் ஓய்ந்தபின் கட்டடங்கள் விடுமுறை முகாமாயின. கொரண்டைன் கொட்டகை நின்ற தீவில் பள்ளிப் பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்துப் பாட்டுப் பாடினர். இவ்வட்டாரத் தீவுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலாய் மீனவக் குடும்பங்கள், அக்காலத்தை ஒட்டியே பெருந்தீவின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. அவர்களுடைய இழப்பு தனியே எழுதற்குரியது. உல்லாசப் படகு வந்து நின்ற துறையிலிருந்து முதலில் விலகியது அவர்களின் தோணி.

இன்னும் தென்மேற்கே சென்றால் புலாவ் சாத்துமு என்னும் சிறு திட்டின்மேல் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் நிற்கிறது. எங்கள் படகு அவ்வளவு தொலைவு செல்லவில்லை. நீண்ட சுற்றுச் செலவு மேற்கொள்வோர் தொலைவிலிருந்து காணலாம். 1854 மே 24-ஆம் நாள் அதற்கு அடிக்கல் நாட்டினர். 1855 டிசம்பர் முதல் நாள் விளக்கேற்றினர். கருங்கல் புலாவ் ஊபினிலிருந்து வந்தது. உழைப்பு இந்தியக் கைதிகளுடையது. 1825-இல் பெங்கூலனிலிருந்து கொண்டுவரப்பட்டது முதல் 1873 வரை சிங்கப்பூரின் சாலைகளையும் கட்டடங்களையும் அமைத்த அக்கைதிகளுள் சென்னை மாகாணத்தார் பலர். அவ்விளக்கு இன்றும் கடலோடிகளுக்கு வழிகாட்டுகிறது.

இங்கே ஒரு சொந்தக் கருத்தைச் சொல்ல இடங்கொடுக்க வேண்டுகிறேன். தமிழர் கடல்வாழ்வைப் பற்றி நம் இதழ்களில் கட்டுரைக்குப் பஞ்சமில்லை. 1025-இல் இராசேந்திரன் கடாரத்தின்மீது கலம் செலுத்தியதை எழுதாத ஆண்டுமலர் உண்டா? எழுதட்டும், அது வரலாறுதான். ஆயின் அக்கலங்களில் நம் பாட்டனார் வரவில்லை. அவர் வந்தது டெக்கில். அவர் இறங்கிய துறையைச் சுட்டிக் காட்டக்கூட நம்மால் இயலவில்லை என்றால், ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வெற்றியை நாம் இத்தனை உரக்கப் பேசுவது சற்று நாணத்துக்குரியதாகவே எனக்குத் தோன்றுகிறது. மன்னனின் கடற்படைக்குக் கல்வெட்டு இருக்கிறது. டெக் பயணிக்கு இருப்பது பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போன பேச்சு மட்டுமே. அப்பேச்சைக் கேட்டவர்களும் இப்போது எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டனர்.

எங்கள் மூத்த ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன். அவருடைய தந்தையார் 1930-களில் இத்தீவில் இறக்கப்பட்டவர். எத்தனை நாள் தங்கினார் என்பது மகனுக்கு நினைவில்லை. இரண்டு செய்திகள் மட்டும் நினைவில் நின்றன. ஒன்று, நீராவியிலிருந்து வெளிவந்த வேட்டியில் மணமகன் சாயம்போல மஞ்சளும் சிவப்புமாகக் கறை ஏறியிருந்தது. பெட்டியில் இருந்த தாயாரின் குங்குமப் பொட்டலம் கரைந்துவிட்டது. மற்றொன்று, இரவில் கரையோரம் உட்கார்ந்தால் சிங்கப்பூர் விளக்குகள் வரிசையாகத் தெரியும் என்பது. "அவ்வளவு கிட்டத்தில் இருந்தது, போகத்தான் விடவில்லை" என்று தந்தையார் சொல்லுவாராம்.

நாங்கள் தீவைச் சுற்றி நடந்தோம். ஓங்கிய பழைய மரங்கள், முட்கம்பி வேலியின் எச்சம், பூட்டிய கட்டடங்கள், கடல்வாழ் உயிர்களை ஆராயும் பல்கலைக்கழக நிலையம் ஆகியவற்றைக் கண்டோம். அந்தத் துறை எதுவென்று எவராலும் உறுதியாகக் காட்ட முடியவில்லை. லாசரஸ் கரையில் இளைய ஆசிரியர்கள் நீராடினர். கூசுவில் ஆமைக்குளத்தைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டனர். தண்ணீர் தெளிவாக இருந்தது, மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. அதையும் சொல்லாவிட்டால் நன்றாயிராது.

மாலைப் படகில் திரும்புகையில் நகரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. மூத்தவர் படகின் பின்புறத்தில் தீவைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தார். வழிகாட்டி இளைஞர் அவர் அருகே வந்து உட்கார்ந்து, கையிலிருந்த தொலைபேசியைத் திறந்து, "ஐயா, அந்தக் கப்பல் எந்தெந்த ஊரில் நின்றது என்று முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றார். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் என்று இவர் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.